ஊருக்குத் தெரியட்டும்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் வாலுவும் சுகம். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? வலி கொஞ்சம் குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிற பழக்கம் அண்ணிக்கு உண்டு. நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். வாலுவுக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. "நீதான் பல்லு கட்டுற கம்பெனியில வேலை பாக்குறியே, எனக்கு ரெண்டு எடுத்துட்டு வா" என்கிறாள். ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்கிறேன், பெற்ற பெண்ணுக்கு இல்லை.

வேலை பிடித்திருக்கிறது. வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் செதுக்கி, மெழுகில் பற்களை வரிசையாக நிறுத்த வேண்டும். பேசாத வாய்களோடு நாள் போகிறது. அது எனக்கு நிம்மதி.

எழுத வந்தது வேறு. நேற்றுச் சாப்பாட்டு வேளையில் பக்கத்து மேஜைக்காரி எங்கள் எல்லோர் பெயரையும் போனில் தட்டித் தேடி விளையாடிக்கொண்டிருந்தாள். என் பெயரைத் தட்டியதும் சிரிப்பை நிறுத்தினாள். போனைக் குப்புற வைத்துவிட்டு, "கை கழுவிட்டு வரேன்க்கா" என்று எழுந்து போனாள். அவள் அதுவரை சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து நானே தேடிப் பார்த்தேன். என் விவாகரத்து வழக்கின் தீர்ப்பு முழுவதும் இருக்கிறது, அண்ணா. அவர் பெயர், என் பெயர், எல்லாம். கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் கையால் எழுதிய ஒரு தாள். அதில் நான் இப்போது இருக்கிற வீட்டின் விலாசம். பேக்கரிக்கு எதிர்ச் சந்து, பச்சைக் கதவு, முதல் மாடி. அதற்குக் கீழே வாலுவின் பள்ளிக்கூடம். குழந்தை யாரிடம் இருப்பது என்ற விசாரணையில் இதைக் கேட்டு வாங்கினார்கள். கோர்ட்டுக்கு மட்டும் என்றுதான் சொன்னார்கள்.

போன ஊரில் அவர் என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும். அடிக்கவில்லை, திட்டவில்லை. பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே நின்று வாலுவுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார். தினமும்.

நீ அந்தக் கோர்ட்டிலேயே வேலை செய்கிறாய். தயவுசெய்து அதை எடுத்துவிடு. போனில் சொல்லலாம் என்றால் எங்களுக்கு இருப்பது ஒரே அறை. வாலுவுக்குப் பாம்புக் காது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 11

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணியின் முழங்கால் அவள் பேச்சைக் கேட்பதில்லை. இந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்காதது அது ஒன்றுதான். குழந்தை பயப்படவில்லையே? அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

உன் கடிதத்தை நகல் பிரிவில் உட்கார்ந்து பிரித்தது தப்பு. கவுண்டரில் ஆட்கள் நிற்கிறார்கள், எனக்குக் கை ஓடவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் பிரிவில் ஒரு பழக்கம். நோட்டீஸ் கொண்டுபோகிறவர் வழக்குக் கட்டு முழுவதையும் புரட்டித் தேடவேண்டாம் என்று, விலாசத்தைத் தனித்தாளில் எழுதித் தீர்ப்பின் பின்னால் குத்திவைப்போம். எந்தச் சட்டத்திலும் இல்லை. எனக்கு முந்தியவர்கள் செய்தார்கள், நாங்களும் செய்தோம். இப்போது பழைய கட்டுகளை எல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். ஒப்பந்தத்துக்கு வந்த ஆட்களுக்கு என்ன தெரியும்? ஒரே பின்னில் இருந்தால் ஒரே கட்டு. உன்னுடையது மட்டுமில்லை, அலமாரி அலமாரியாக அப்படியே போயிருக்கிறது. உறவினர் வழக்கை நான் தொடக்கூடாது என்பதால் உன் கட்டை நான் பிரித்ததே இல்லை. பிரித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

தீர்ப்பை எடுக்கச் சொல்லாதே. அது ஊர்ச் சொத்து. நீதிபதி என்ன செய்தார் என்று போகிறவன் வருகிறவன் பார்க்க முடியாவிட்டால், அப்புறம் அவர் வைத்ததுதான் சட்டம். இதை நான் வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. இத்தனை வருடம் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பதே அதற்காகத்தான். ஆனால் விலாசம் ஊர்ச் சொத்து இல்லை. அதை எடுக்க ஒரு மனு போட வேண்டும். மனுவின் முதல் வரியில் மனுதாரர் விலாசம் இருக்க வேண்டும். மனுவின் நகல் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். சிரிக்காதே, நானும் சிரிக்கவில்லை.

தைரியமாக இரு.

உன் அண்ணன்


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அண்ணிக்கு ஒத்தடம் கொடுத்தால் கேட்குமாம், நான் வேலை செய்கிற பல் கூடத்துக்காரரின் மனைவி சொன்னார்.

மனு போடாதே. அவருக்கு நகல் போனால், 'இங்கே வந்து பார்' என்று நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. அவர் இன்னும் பார்க்காமல் இருக்கலாம். தூங்குகிறதைத் தட்டி எழுப்ப வேண்டாம்.

நேற்று யாரோ படியேறி வந்தார்கள். உடனே கதவைத் தட்டவில்லை, வாசலில் நின்றார்கள்; அப்புறம்தான் தட்டினார்கள். நான் வாலுவின் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர். "உள்ள இருந்துக்கிட்டே ஏம்மா திறக்க மாட்டேங்குறீங்க?" என்று கீழே நின்று கத்திவிட்டுப் போனார். அப்புறம் வாலு, "அம்மா, இது என்ன விளையாட்டு?" என்று கேட்டாள். ஒளிஞ்சு விளையாட்டு என்றேன். "யாரு தேடுறா?" என்றாள்.

உன் ஊர்ச் சொத்துப் பேச்சை இன்னொரு நாள் கேட்கிறேன்.

தங்கை


மார்ச் 1

அன்புத் தங்கைக்கு,

நலம். வேலை முடிந்தது. மனு இல்லாமலே, ஸ்கேன் செய்ததில் பிழை என்று பதிவாளரிடம் எழுதிக் கொடுத்தேன். விலாசத் தாள்கள் எல்லாவற்றையும் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நீயே தேடிப் பார், இருக்காது. இனிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

அந்த வீட்டில் ஈரம் என்றாயே. குழந்தைக்கு ஆகாது. வேறு வீடு பார்த்தால் என்ன? சீக்கிரம் பார்த்தால் நல்லது.

அண்ணன்


மார்ச் 7

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே இருவரும் சுகம். தேடிப் பார்த்தேன், தாள் இல்லை. உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அன்று பேக்கரியில் கேக் வாங்கிக்கொண்டு வந்தேன்; காரணம் கேட்காமல் வாலு முழுதும் தின்றாள்.

ஆனால் அண்ணா, வீட்டில் ஈரம் என்று நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. இந்த மாடியில் வெயில் காய்ந்து பிளாஸ்டர் உதிர்கிறது. மூன்று பக்கத்துக்குக் குறையாமல் எழுதுகிறவன் நீ, கால் பக்கம் எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் என் பொம்மையை உடைத்துவிட்டு, "புதுப் பொம்மை கேளேன், இது பழசாயிடுச்சு" என்றாயே, அந்தக் குரல் கேட்கிறது.

என்ன மறைக்கிறாய்? நல்லதோ கெட்டதோ சொல்லிவிடு. தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது.

தங்கை


மார்ச் 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் குழந்தையும் சுகம்தானே? என் காலை விடு, அது எங்கும் ஓடிப்போகாது.

உன் அண்ணன் எழுதுவார், எழுதுவார் என்று பார்த்தேன். பேனாவைத் திறக்கிறார், மூடுகிறார். சோற்றில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறார். "நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்" என்றேன். "சொல்லு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதனால் எழுதுகிறேன்.

இணையத்திலிருந்து எடுத்தது உண்மை. ஆனால் உன் முதல் கடிதம் வருவதற்கு முன்பே ஒருவர் கவுண்டரில் விண்ணப்பம் கொடுத்து உன் தீர்ப்பின் நகலை வாங்கிப் போயிருக்கிறார். இவர் கையாலேயே கொடுத்திருக்கிறார், உறைக்குள் யாருடைய தீர்ப்பு என்று பார்க்காமல். பின்னால் குத்தியிருந்த தாளும் அதோடு போய்விட்டது. வாங்கினது அந்த ஆள் இல்லை, நடுத்தர வயது அம்மாள் ஒருத்தி. யார், எதற்கு என்று கேட்கிற வழக்கம் அங்கே கிடையாதாம். கேட்கவும் கூடாதாம். "கேக்கக் கூடாதுன்னு இத்தனை வருஷமா நான்தான் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லி உன் அண்ணன் என் முன்னால் அழுதார். கல்யாணமாகி இன்றுவரை நான் அதைப் பார்த்ததில்லை.

அந்த ஆள்தான் அவளை அனுப்பியிருப்பானோ என்று இவருக்குப் பயம். எனக்கும்தான். வீட்டை மாற்று, தாயே. தள்ளிப்போடாதே.

அண்ணி


மார்ச் 29

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறேன். வாலுவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பல் கூடத்துக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு ஊரில் தன் தம்பி நடத்துகிற கூடத்தில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த அச்சையே துடைத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. நான் கூசக்கூடாது என்று.

அண்ணா, உன்மேல் கோபமில்லை. ஆனால் என் கட்டு முழுவதையும் பூட்டச் சொல். தீர்ப்பு, சாட்சியம், ஒன்றுகூட வெளியே இருக்கக்கூடாது. குழந்தை சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் எதிர்த்தரப்புக்குச் சொல்லாமலே நீதிபதி பூட்டலாம் என்று கூடத்துக்காரர் ஒரு வக்கீலிடம் கேட்டு வந்தார். உனக்கு இது முன்னமே தெரிந்திருக்கும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தாயா?

ஊர்ச் சொத்தாம், ஊர்ச் சொத்து. நான் யார் சொத்து?

தங்கை


ஏப்ரல் 8

அன்புத் தங்கைக்கு,

நலம் கேட்க வாய் வரவில்லை. குழந்தையை முத்தமிட்டதாகச் சொல்.

ஆம், தெரியும். சொல்லாமல்தான் இருந்தேன். ஒரு கட்டைப் பூட்டினால் நாளை பெரிய மனிதர்கள் எல்லோரும் சாவியோடு வந்து நிற்பார்கள் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அதை உன் தலையில் வைத்திருக்கக் கூடாது. நீ கேட்டபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். நீதிபதி தன் அறையில் பார்த்து முடிவு சொல்வார். பூட்டுவார் என்றுதான் நினைக்கிறேன்.

இத்தோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் மறுபடி ஒன்றை மறைக்க என்னால் ஆகாது. அந்த அம்மாள் திரும்ப வந்தார்.

உன் வழக்கின் சாட்சியம் வேண்டும் என்று விண்ணப்பம் நீட்டினார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, "எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதுதான் தாமதம், கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு கொட்டிவிட்டார்.

"என் பொண்ணுக்கும் அவருக்கும் கல்யாணம் பேசியிருக்குங்க. முதல் கல்யாணம் ஒத்துவரலைன்னு மட்டும்தான் சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல, தேடினேன், தீர்ப்பு கிடைச்சுது. கொண்டுபோய்க் காட்டினா, அவ அவர்கிட்டயே கேக்குறா. அது பொய்க் கேஸ், ஜட்ஜு ரெண்டு வரியில எழுதிட்டாருன்னு சொல்றாரு. இவ நம்புறா. அந்தப் பொண்ணு என்ன சொன்னான்னு முழுசாப் படிச்சா நம்புவாளோ என்னவோ."

"தீர்ப்புக்குப் பின்னால ஒரு தாள் இருந்துச்சே" என்றேன்.

"அத அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டேங்க. அது எதுக்கு எங்க வீட்டுல? அந்தப் பொண்ணுக்கு ஆகாது."

உண்மையா, நடிப்பா? நான் அந்த முகத்தைப் பார்த்தேன், நம்பினேன். ஆனால் நான் நம்பியது போதாது, உயிர் உன்னுடையது.

கட்டைப் பூட்டிவிட்டால் அந்த அம்மாளுக்கும் பூட்டியதுதான். பெயரை மட்டும் மறைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். மறைத்தால் இரண்டு பேர் பெயரையும் மறைக்க வேண்டும். ஒருவர் தெரிந்தால் மற்றவர் தெரிந்துவிடும். பெயரில்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் எதைக் காட்டுவது? மூன்றாவது வழி, உன் விலாசம், குழந்தையின் பெயர், பள்ளி இவற்றை மட்டும் மை பூசி மறைத்துவிட்டு மற்றதைத் திறந்தே விடுவது. அப்போது உன் பெயர் இருக்கும், நீ சொன்னது அத்தனையும் இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாட்சியத்துக்கு நகல் கொடுத்தால், ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, இன்னொருவர் நகலைச் சரிபார்ப்பார். ஒப்புநோக்கல் என்போம். எங்கள் பிரிவுக்குள் வாசிக்கப்படும்.

இப்படிச் செய் என்று நான் சொல்ல மாட்டேன். நீ ஒரு வார்த்தை எழுதினால் பூட்டிவிடுவோம்.

அண்ணன்


ஏப்ரல் 21

அன்புத் தங்கைக்கு,

பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா? கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது. தினமும் தபால்காரரை வாசலிலேயே மடக்குகிறேன். அவர் இப்போது என்னைப் பார்த்தால் எதிர்வரிசையில் நடக்கிறார். நீதிபதி முடிவைத் தள்ளிவைத்திருக்கிறார், என் வேண்டுகோளின் பேரில்தான். அந்த அம்மாள் வாரம் தவறாமல் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

நீங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறீர்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

அண்ணன்


ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

இருக்கிறோம். வேறு ஊருக்கு வந்துவிட்டோம். உன் இரண்டு கடிதங்களையும் பழைய கூடத்துக்காரர் சேர்த்து அனுப்பியதால் இன்றுதான் கையில் கிடைத்தன. இதையும் அவர்தான் தபாலில் சேர்ப்பார், பதிலை அவருக்கே அனுப்பு. புது விலாசத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வாலுவுக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது. அண்ணி நடக்கிறார்களா?

முதலில் படித்தபோது கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். யார் பெற்ற பெண்ணோ, அவளுக்காக நான் ஏன் தெருவில் நிற்க வேண்டும்? எனக்கு யார் நின்றார்கள்? அப்புறம் அதையே நினைத்துக்கொண்டு வேலை செய்தேன். என் கல்யாணத்துக்கு முன்னால் நீ எத்தனை பேரிடம் விசாரித்தாய் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் கேட்டாய், அவன் வேலை செய்த இடத்தில் கேட்டாய். எல்லோரும் தங்கமான பையன் என்றார்கள். அவனைப் பற்றி எங்குமே ஒரு வரி எழுதியிருக்கவில்லை, அண்ணா. இப்போது இருக்கிற வரிகள் நான் எழுதவைத்தவை. அந்தக் கூண்டில் நின்று, அவன் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, நான் சொன்னவை. அதையும் நானே பூட்டிவிட்டால் அவன் மறுபடி தங்கமாகிவிடுவான்.

பூட்ட வேண்டாம். வாலுவை மறை. விலாசத்தை மறை. என் பெயர் இருக்கட்டும். பயமாக இருக்கிறது. ஆனாலும் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சாட்சியத்தை நீ படிக்காதே. ஒப்புநோக்கும்போது அந்த அறையில் இருக்காதே. விசாரணை நடந்த நாட்களில் உன்னை வராதே என்று சொன்னது இதற்காகத்தான். உனக்கு நான் சொன்னது அதில் கால்வாசி. ஊருக்குத் தெரியட்டும். உனக்குத் தெரிய வேண்டாம். உனக்கு நான் பொம்மைக்காக அழுத தங்கையாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

தங்கை


மே 17

அன்புத் தங்கைக்கு,

நலம். அண்ணி நடக்கிறாள், என்னையும் நடத்துகிறாள். வாலுவுக்கு மாமாவின் ஆசிகள்.

நீ சொன்னபடியே நீதிபதி உத்தரவு போட்டார். ஒப்புநோக்கலுக்கு எங்கள் தட்டச்சர் அம்மாளை உட்காரவைத்தேன். சின்ன உருவம், சுள்ளென்ற பேச்சு. 'கடுகு' என்றுதான் கூப்பிடுவோம். அவள் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். நான் வராந்தாவில்கூட நிற்கவில்லை, கீழே சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டேன். முடித்துவிட்டு என்னைத் தேடி வந்தாள். "சார், அந்த விலாசத் தாள எழுதிக் குத்தினது நான்தான். உங்க தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேட்டதா எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். நான் படிக்கவில்லை. இனியும் படிக்க மாட்டேன். நீ சொன்னதை நம்பு.

நகல் வாங்க அந்த அம்மாள் மகளையும் கூட்டி வந்திருந்தார். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றாள். உறையை வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, அங்கேயே படிக்க ஆரம்பித்தாள். நடுவில் அம்மா என்னவோ சொல்ல வந்தார். கையைக் காட்டி நிறுத்தினாள். மூடுகிற நேரமாகியும் எழவில்லை. நானும் விளக்கை அணைக்கவில்லை. கடைசியில் கவுண்டருக்கு வந்தாள்.

"இவங்க பேர அப்படியே விட்டிருக்காங்களே, பயமா இருக்காதா இவங்களுக்கு?"

"இருக்கும்மா" என்றேன். அவள் உறையை அம்மாவிடம் கொடுக்கவில்லை, தன் பையில் வைத்துக்கொண்டு போனாள். கல்யாணம் நின்றுவிட்டது என்று அந்த அம்மாள் பிறகு வந்து சொன்னார்.

அதனால்தானோ என்னவோ, நேற்று அந்த ஆள் வந்தான். என் கவுண்டரில், வரிசையில், முறைப்படி. சிரித்துக்கொண்டே, "என்ன மச்சான், பச்சைக் கதவு பூட்டியிருக்கே. எங்க குடிபோயிட்டா?" என்று கேட்டான்.

விலாசம் அவன் கைக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. இணையத்தில் இருந்தபோதே பார்த்தானோ, என்னவோ. போயிருக்கிறான், பார்த்திருக்கிறான், நீங்கள் இல்லை.

"தெரியாது" என்றேன். அவன் என் கண்ணையே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்; எத்தனை வருடம் மாப்பிள்ளையாக என் வீட்டில் சாப்பிட்டவன். பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அவன் போனதும் பதிவாளரிடம் சொல்லிக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த கடிதத்தில் புது விலாசம் எழுதுகிறேன் என்றாயே, எழுதாதே. ஊர்ப் பெயர்கூட வேண்டாம். எனக்கும் அண்ணிக்கும் உங்களை வந்து பார்க்க வேண்டும் என்று எவ்வளவு ஆசை என்பதைச் சொல்லி முடியாது. இருந்தாலும் வேண்டாம். அவன் மறுபடி வருவான். அன்றைக்கும் நான் தெரியாது என்று சொல்லும்போது, அது உண்மையாகவே இருக்கட்டும்.

உன் அண்ணன்